பினேயின் வகுப்பறையும் எங்கட வெட்டுப்புள்ளியும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதின ஆருக்கும் அந்த நுண்ணறிவுக் கேள்விகள் இலேசில மறக்காது. வரிசையாக நாலு உருவம் தந்து அடுத்தது என்ன எண்டு கேட்பார்கள். கூட்டத்தில் சேராத ஒன்றைப் பிடிக்கச் சொல்வார்கள். கடதாசியை மடித்து ஒரு மூலையை வெட்டினால் விரிக்கேக்க எப்பிடி இருக்கும் எண்டு கேட்பார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கேள்விகள். இவை படிச்சுக் குடுக்கிற விசயம் இல்லை, பிள்ளையின் இயல்பான கெட்டித்தனத்தை அளக்கிறது எண்டுதான் இதுக்கு நியாயம் சொல்லப்படுது. அப்பிடியெண்டா மூண்டாம் வகுப்பில இருந்தே பின்னேரம் பின்னேரம் ரியூசனில குந்தியிருந்து மொடல் பேப்பர் செய்தது என்னத்துக்கு எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு ஊர் இருக்கு, ஒரு ஆண்டு இருக்கு, ஒரு மனுசன் இருக்கிறார். அவர் இதை என்ன நோக்கத்தோட தொடங்கினார், அது கை மாறி மாறி என்னவாகி எங்களிட்ட வந்து சேர்ந்தது எண்டதைத்தான் இங்க எழுதப் போறன். கம்பஸில உளவியல் பாடத்தில அவரின் பெயர் ஒரு வரியில வந்து போகும். "முதலாவது நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியவர்" எண்டு. அந்த வரி பிழை இல்லை. ஆனா அவர் செய்ததில பாதியை அது விட்டிட்டுது.

பரிஸ்

பிரான்சில் 1882 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 6 வயது தொடக்கம் 13 வயது வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும். அதுக்கு முதல் வயலுக்கும் பட்டறைக்கும் போன பிள்ளைகள், வருத்தக்காரப் பிள்ளைகள், பேச்சுப் பிந்தின பிள்ளைகள் எல்லாரும் இப்ப ஒரே வாங்கில வந்து இருந்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லியும் பாடம் ஏறேல்லை. அவர்களை என்ன செய்கிறது எண்ட கேள்விக்கு அந்தக் காலத்து மனநோய் வைத்தியர்கள் சிலர் சொன்ன பதில், மனநோயாளர் விடுதிகளோட சேர்ந்த பள்ளிகளுக்கு அனுப்புங்கோ எண்டது. 1904 இல் கல்வி அமைச்சு இந்த விசயத்தை ஆராய ஒரு குழுவைப் போட்டது. அந்தக் குழுவில் இருந்த ஒருத்தர்தான் அல்பிரெட் பினே. இந்தப் பிள்ளைகளின் இடம் விடுதி இல்லை, பள்ளிக்கூடம்தான். அங்கேயே அவர்களுக்கு விசேட வகுப்பு வைக்க வேணும் எண்ட பக்கத்தில் நின்றவர்.

பினே 1857 இல் நீஸ் நகரத்தில் பிறந்தவர். சட்டம் படித்து, பிறகு உளவியலுக்கு வந்தவர். மதலேன், அலிஸ் எண்டு அவருக்கு இரண்டு மகள்மார். அந்த இரண்டு பேரும் எப்பிடி எண்ணுகினம், ஒரு பொருளைக் காட்டினா அதைப்பற்றி என்ன சொல்லுகினம் எண்டு வீட்டிலேயே வைச்சு அவதானிச்சு 1890 இல் கட்டுரைகள் எழுதினார். ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன். ஆனா இரண்டு பிள்ளையும் யோசிக்கிற விதம் வேற வேற.

அந்தக் காலத்தில் அறிவை அளக்கிறதெண்டா தலையை அளக்கிறது எண்டு நம்பினவர்கள் கனபேர். பினேயும் அளவுகருவியோட பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். வாத்திமார் கெட்டிக்காரர் எண்டு காட்டின பிள்ளைகளின் தலைகளையும், மொக்கு எண்டு காட்டின பிள்ளைகளின் தலைகளையும் அளந்தார். வித்தியாசம் சில மில்லிமீற்றர்தான். அதைவிட முக்கியமான ஒன்றை அவரே எழுதி வைச்சிருக்கிறார். எந்தத் தலை கெட்டிக்காரப் பிள்ளையுடையது எண்டு முதலே தெரிஞ்சிருந்தா, அளக்கிற கை தன்னை அறியாமலே அந்தப் பக்கம் சாயுது. இதைத் தன்னிலேயே கண்டு, அந்த வழியை விட்டிட்டார். தன்ர கையைத் தானே சந்தேகப்பட்ட அந்தக் குணம், இவருக்குப் பிறகு இந்தத் துறைக்கு வந்த பெரிய பெயர்கள் பலரிட்ட இருக்கேல்லை.

1905 இல் தியோடோர் சிமோன் எண்ட இளம் வைத்தியரோட சேர்ந்து 30 சின்னச் சின்ன வேலைகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார். முதலாவது, எரியிற நெருப்புக்குச்சியைப் பிள்ளை கண்ணால தொடருதோ எண்டு பார்க்கிறது. படத்தில இருக்கிற பொருளின் பெயரைச் சொல்லுறது, சொன்ன இலக்கங்களைத் திருப்பிச் சொல்லுறது எண்டு படிப்படியாகக் கூடிக்கொண்டு போகும். கடைசியில், கண்ணால காண ஏலாத இரண்டு விசயத்துக்கு இடையில என்ன வித்தியாசம் எண்டு கேட்கும். 1908 இல் இதைத் திருத்தி, எந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் எதைச் செய்வார்கள் எண்டு 3 வயது தொடக்கம் 13 வயது வரைக்கும் அடுக்கினார்கள். முக்கியமான விசயம், இது மண்டபத்தில இருந்து எழுதுற பரீட்சை இல்லை. ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், நடுவில ஒரு மேசை. கதைச்சுக் கதைச்சுப் பார்க்கிறது.

இதோட இன்னொரு அளவும் இருந்தது. அதைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தொடுகிறதில்லை. பரிஸின் கிராஞ்-ஓ-பெல் வீதியில் ஒரு பள்ளிக்கூடம். அதிபர் பெயர் விக்டர் வனே. பினே 1905 இல் தன்ர கல்வி ஆய்வுகூடத்தை அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் அமைத்தார். ஒவ்வொரு வயதுப் பிள்ளையும் வாசிப்பிலயும் கணக்கிலயும் எங்க நிற்க வேணும் எண்டு வனே ஒரு அட்டவணை தயாரித்தார். 9 வயதுக்குக் குறைந்த பிள்ளை 2 வருசமும், 9 தாண்டின பிள்ளை 3 வருசமும் பின்தங்கியிருந்தா அந்தப் பிள்ளையை எடுத்துக் கவனிக்க வேணும். ஆனா அதுக்கு முதல், பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்ததோ எண்டு பார்க்கச் சொன்னார்கள். வராத நாளில படிப்பிச்சதை ஒரு பிள்ளைக்குத் தெரியாட்டி அது மூளைக் குறை ஆகாது. வேலை காரணமாக, மழை காரணமாக, இடம்பெயர்வு காரணமாகப் பள்ளி தவறின பிள்ளைகளைக் கண்ட எங்களுக்கு இந்த நிபந்தனையின் பெறுமதி விளங்கும்.

கண்டுபிடிச்ச பிள்ளைகளை என்ன செய்தார்கள்? பினே அந்த வகுப்புகளுக்கு ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். உடைஞ்ச எலும்பை நேராக்குறதுக்கு ஒரு வைத்தியம் இருக்கிற மாதிரி மனசுக்கும் ஒன்று எண்ட கருத்தில் அதுக்குப் பெயர் வைத்தார். அதில ஒன்று சிலை விளையாட்டு. ரீச்சர் ஒரு சைகை காட்டினதும் எல்லாரும் அந்தந்த இடத்தில அசையாமல் நிற்க வேணும். முதல் நாள் கொஞ்ச நேரத்திலேயே சிரிப்பும் தள்ளுப்படுறதும். பிறகு நாளுக்கு நாள் நிற்கிற நேரம் கூடும். நாங்கள் சின்னனில முற்றத்தில விளையாடினதுதான். ஆனா அவர் அதில கண்டது வேற: தன்ர உடம்பை அடக்கப் பழகின பிள்ளைக்குத்தான் ரீச்சர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலும், பக்கத்தில இருக்கிற பிள்ளையோட சண்டை பிடிக்காமல் இருக்க ஏலும். கவனம், பொறுமை, கூடி இருக்கிறது எல்லாம் பழக்கினா வரும். அவை வந்த பிறகுதான் எழுத்தும் கணக்கும் ஏறும்.

1909 இல் பிள்ளைகளைப் பற்றின நவீன கருத்துக்கள் எண்ட பொருளில் ஒரு புத்தகம் எழுதினார். நுண்ணறிவு அதில ஒரு அதிகாரம் மட்டும்தான். பிள்ளையின் உடம்பு, பார்வையும் கேள்வியும், ஞாபகசக்தி, தனித்தனித் திறமைகள், சோம்பலும் ஒழுக்கமும் எண்டு மற்ற அதிகாரங்கள் இருக்கு. பிள்ளையின் நுண்ணறிவு பிறப்பிலேயே இவ்வளவுதான், கூட்டவே ஏலாது எண்டு சொல்லுற ஆக்களை அந்தப் புத்தகத்தில் அவர் கடுமையாகவே எதிர்த்தார். இரண்டு வருசத்தில, 1911 இல், 54 வயதில் இறந்து போனார்.

கடல் தாண்டின அளவுகோல்

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வைன்லண்ட் எண்ட ஊரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. அங்க ஆய்வு செய்த ஹென்றி கொடார்ட் 1908 இல் ஐரோப்பாவுக்குப் போய், பினேயின் அளவுகோலைக் கண்டு, அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். அளவுகோல் வந்தது. சிலை விளையாட்டு வரேல்லை. கொடார்டின் நம்பிக்கை பினேயினதுக்கு நேர் எதிர்: நுண்ணறிவு பரம்பரையாக வருவது, மாறாதது.

மிச்சம் கெதியாக நடந்தது. 1912 இல் ஜேர்மனியில் வில்லியம் ஸ்டேர்ண், மன வயதை உண்மையான வயதால் வகுக்கலாம் எண்டார். 1916 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அந்த ஈவை 100 ஆல் பெருக்கி, இப்ப நாங்கள் சொல்லுற நுண்ணறிவு ஈவை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போருக்குள்ள இறங்கினதும் ஏறக்குறைய 17 இலட்சம் படையாட்களுக்குக் கூட்டம் கூட்டமாக இருத்தி எழுத்துச் சோதனை வைச்சார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பிள்ளையோட கதைச்ச பெரியவர் அதோட காணாமல் போனார். சரியான விடைக்கு அடையாளம் போடுற கடதாசிதான் மிச்சம். போர் முடிய அந்தக் கடதாசி பள்ளிக்கூடங்களுக்குள்ள போனது. 1922 இல் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இதை எதிர்த்துத் தொடராக எழுதினார். புதிர் போட்டுப் பார்க்கிற ஒரு மணித்தியாலச் சோதனையை வைச்சு ஒரு பிள்ளையின் பிறவித் திறனைச் சொல்லிவிட ஏலாது எண்டது அவரின் வாதம். டெர்மன் அதுக்குக் கேலியாகப் பதில் எழுதினார்.

இந்த அளவுகோல் செய்த ஆகக் கொடுமையான வேலையைச் சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போக ஏலாது. வேர்ஜினியா மாநிலத்தில் கரி பக் எண்ட இளம் பெண். வளர்ப்பு வீட்டில இருந்தவள், அந்த வீட்டின் உறவுக்காரன் ஒருத்தனால் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாகிப் பிள்ளை உண்டானாள். வீட்டுக்காரர் அவளை, ஏற்கெனவே தாய் அடைபட்டிருந்த அதே விடுதிக்கு அனுப்பினார்கள். ஸ்டான்போர்ட்-பினே சோதனையில் கரியின் மன வயது 9 எண்டு எழுதினார்கள். அவளுக்குப் பிறந்த விவியன் எண்ட பெண் குழந்தைக்கு ஏழு மாசம் அளவில் ஒரு சமூகசேவைப் பெண் வந்து பார்த்திட்டு, பார்வை ஏதோ சரியில்லை எண்ட மாதிரிச் சாட்சி சொன்னாள். மூண்டு தலைமுறையும் இப்பிடித்தான் எண்டு சொல்லி 1927 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. எட்டு நீதிபதிகள் ஆதரவு, ஒருத்தர் எதிர்ப்பு.

விவியன் பிறகு பள்ளிக்கூடம் போனாள். அவளின் புள்ளி அறிக்கைகள் கிடைச்சிருக்கு. சாதாரணமான, ஒழுங்கான மாணவி. 1931 இல் ஒரு தவணை சிறப்பு மாணவர் பட்டியலிலும் அவளின் பெயர் வந்தது. அடுத்த வருசம், 8 வயதில், வருத்தத்தில் இறந்து போனாள். ஏழு மாசத்தில ஒரு பார்வையால எழுதினதையும், இரண்டு வருசம் வகுப்பில பார்த்த ரீச்சர்மார் எழுதினதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. நீதிமன்றத்துக்குப் போனது முதலாவது மட்டும்தான்.

லண்டனில இருந்து மத்துகம வரைக்கும்

இங்கிலாந்தில் இதை எடுத்து நடத்தினவர் சிரில் பேர்ட். 1913 இல் லண்டன் மாவட்ட சபை அவரைப் பள்ளிகளுக்கான உளவியலாளராக நியமிச்சது. அவரும் நுண்ணறிவு பிறவியிலயே வருவது எண்டு உறுதியாக நம்பினவர். அவர் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட தரவுகள், 1971 இல் அவர் இறந்த பிறகு பெரும் சந்தேகத்துக்கு உள்ளானது தனிக் கதை. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துப் பிள்ளைகள் 11 வயதில் ஒரு பரீட்சை எழுதினார்கள். ஆங்கிலம், கணக்கு, நுண்ணறிவு. சித்தியடைஞ்சா இலக்கணப் பள்ளி, இல்லாட்டி சாதாரண இடைநிலைப் பள்ளி. ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்குத்தான் முதலாவது வாய்த்தது. எத்தனை பேர் எண்டது பிள்ளைகளின் அறிவில் தங்கியிருக்கேல்லை, அந்தப் பகுதியில் எத்தனை கதிரை இருந்ததோ அதில தங்கியிருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கதிரை குறைவான இடங்களில் அவர்கள் ஆண் பிள்ளைகளைவிடக் கூடப் புள்ளி எடுக்க வேண்டி வந்தது. 1950களில் பிலிப் வேர்ணன் எண்ட உளவியலாளர், பயிற்சி குடுத்தா நுண்ணறிவுப் புள்ளி ஏறும் எண்டு காட்டினார். ஏறும் எண்டா அது பிறவித் திறன் எப்பிடி? 1965 இல் அரசாங்கம் இந்தப் பிரிப்பைக் கைவிடச் சொல்லி உள்ளூர்ச் சபைகளைக் கேட்டது. முழுசாக ஒழியேல்லை, கென்ட் போல சில இடங்களில் இண்டைக்கும் நடக்குது.

இலங்கையில் அதே 1940களில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1931 இல் இருந்து கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விசேட குழு 1943 இல் அறிக்கை குடுத்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எண்டு நகரங்களில மட்டும் இருந்த நல்ல ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றாக, மத்துகமவில் தொடங்கிக் கிராமப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழும்பின. காசு இல்லாத, ஆனா படிக்கக்கூடிய கிராமத்துப் பிள்ளையை அங்க விடுதியோட சேர்த்துப் படிப்பிக்கிறதுக்குத்தான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில். இந்த இடத்தில் பரீட்சைக்குப் பின்னால ஒரு வகுப்பறை இருந்தது, சாப்பாடு இருந்தது, கட்டில் இருந்தது. கிழக்கில வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் அப்பிடி ஒன்று. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினதே அந்த வளவுக்குள்ளதான், பிறகு அதுதான் கிழக்குப் பல்கலைக்கழகம். கன்னங்கராவோ 1947 தேர்தலில், தான் பள்ளிக்கூடம் கட்டின மத்துகமவிலேயே தோற்றுப்போனார்.

அந்தக் கதையிலும் ஓட்டை இருக்கு. அதே 1943 அறிக்கையில், ஆரம்பக் கல்வி முடிய பிள்ளைகளைத் திறமைப்படி மூண்டு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கலாம் எண்ட ஆங்கிலேயரின் யோசனையும் எட்டிப்பார்க்குது. மலையகத் தோட்டப் பள்ளிகளோ 1970களில் அரசு பொறுப்பெடுக்கும் வரைக்கும் இந்த முறைக்கு வெளியிலதான் கிடந்தன. ஒரு வாத்தியாரோட ஐந்தாம் வகுப்புவரை மட்டும் நடந்த லயத்துப் பள்ளிப் பிள்ளைக்கு எந்த மத்திய பாடசாலையும் காத்துக்கொண்டு இருக்கேல்லை. ஆக, இலவசக் கல்வி எண்டு நாங்கள் பெருமையாகச் சொல்லுற காலத்தை எல்லாரும் ஒரே மாதிரி அனுபவிக்கேல்லை.

இப்ப இந்தப் பரீட்சையை வருசத்துக்கு மூண்டு இலட்சம் அளவில் பிள்ளைகள் எழுதுகினம். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறும். பிரபல பாடசாலைகளுக்கான புள்ளி, ஆண் பெண் எண்டும் பள்ளிக்குப் பள்ளியும் மாறும். இங்கிலாந்தில கதிரையை எண்ணினது போலத்தான். வெட்டுப்புள்ளிக்குக் கீழ ஒரு புள்ளியில விழுந்த பிள்ளையின் பலவீனம் என்ன, அதுக்கு என்ன செய்யலாம் எண்டு அந்தப் பெறுபேறு ஒண்டும் சொல்லாது. சித்தியடைஞ்ச பிள்ளையின் படம் பதாகையில ஏறும். மற்றப் பிள்ளைக்கு 10 வயதிலேயே தன்னைப் பற்றி ஒரு முடிவு வந்திடும். வனேயின் அட்டவணை பின்தங்கின பிள்ளையைத் தேடினது. எங்கட பரீட்சை முந்தின பிள்ளையைத் தேடுது. கருவி ஒன்றுதான், பார்க்கிற திசை மாறிப்போச்சு.

இப்சிலாந்தி

இந்தப் புள்ளிகள் எதைக் காணாமல் விடுது எண்டதுக்கு என்னட்ட இருக்கிற ஆக நல்ல உதாரணம், அளவுகோலைக் கெடுத்த அதே அமெரிக்காவில இருந்துதான் வருது. சுவாரசியம் என்னெண்டா, கொடார்ட் இருந்த அதே வைன்லண்டில் பிறகு ஆய்வுக்குப் பொறுப்பாக வந்த எட்கார் டோல், 1935 இல் வேறொரு அளவுகோல் செய்தார். பிள்ளை தானே உடுப்புப் போடுதோ, தானே சாப்பிடுதோ, மற்றப் பிள்ளைகளோட சேர்ந்து விளையாடுதோ, கடைக்கு அனுப்பினால் போய் வருதோ எண்டு தாய் தகப்பனிட்டக் கேட்டுப் பதியிற சமூக முதிர்ச்சி அளவுகோல். நாக்பூரில் மாலின் எண்டவர் இதை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். அங்க இண்டைக்கும் பாவனையில இருக்கு.

ஆனா நான் சொல்ல வந்தது மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி நகரத்தைப் பற்றி. அங்க டேவிட் வைகார்ட் எண்டவர் பள்ளிகளின் விசேட சேவைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்பினப் பிள்ளைகள் வகுப்பில தேங்கி நிற்கிறதைக் கண்டு, 1962 இல் பெரி ஆரம்பப் பள்ளியில் ஒரு முன்பள்ளியைத் தொடங்கினார். வறிய குடும்பங்களைச் சேர்ந்த, சோதனையில் குறைந்த ஈவு வந்த 123 பிள்ளைகள். 58 பேர் முன்பள்ளிக்கு, 65 பேர் ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு. 3, 4 வயதுப் பிள்ளைகள். கிழமை நாட்களில காலமை இரண்டரை மணித்தியாலம். ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஒரு ரீச்சர். கிழமைக்கு ஒருக்கா ரீச்சர் வீட்டுக்குப் போய்த் தாயோடயும் பிள்ளையோடயும் இருந்து கதைப்பார். வகுப்பில பிள்ளை தான் இண்டைக்கு என்ன செய்யப் போறன் எண்டு முதல் சொல்ல வேணும், பிறகு அதைச் செய்ய வேணும், முடிஞ்ச பிறகு எல்லாருக்கும் முன்னால என்ன நடந்தது எண்டு சொல்ல வேணும். எழுத்துப் படிப்பிக்கிற அவசரம் ஒண்டும் இல்லை.

முதலில் எல்லாருக்கும் சந்தோசம். 5 வயதில் முன்பள்ளிப் பிள்ளைகளின் சராசரி ஈவு 95 அளவில், மற்றவர்களினது 83 அளவில். ஆனா 8, 9 வயது வரேக்க அந்த வித்தியாசம் கரைஞ்சு போச்சு. 1965 இல் நாடளாவத் தொடங்கின ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளித் திட்டத்திலும் இப்பிடிக் கரையிறதாக 1969 இல் அறிக்கை வந்தது. அதே ஆண்டு ஆர்தர் ஜென்சன் எண்ட உளவியலாளர் பெரிய கட்டுரை எழுதி, வறிய பிள்ளைகளுக்கு ஈடுசெய்யும் கல்வி தோற்றுப்போச்சு, பரம்பரைதான் காரணமாக இருக்கலாம் எண்ட பக்கம் போனார். ஈவை மட்டும் பார்த்தா அந்த முடிவுக்குத்தான் வரவேணும்.

வைகார்டின் குழு பிள்ளைகளை விடேல்லை. 14 வயதில் ஈவு இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான், ஆனா பாடச் சோதனைகளில் முன்பள்ளிக்குப் போனவர்கள் முன்னுக்கு நின்றார்கள். 40 வயதில் பார்க்கேக்க, உயர்நிலைப் பள்ளியை முடிச்சவர்கள் ஒரு பக்கம் 77 வீதம், மற்றப் பக்கம் 60 வீதம். ஐந்து தடவை அல்லது அதுக்கு மேல பொலிசால் கைது செய்யப்பட்டவர்கள் 36 வீதமும் 55 வீதமும். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவரோட சேர்ந்தவர்களும் 2013 இல் பழைய தரவை எடுத்துப் பிரிச்சுப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளைகள் சிறுவராக இருக்கேக்க ஆரம்பப் பள்ளி ரீச்சர்மார் அவர்களின் நடத்தை பற்றி நிரப்பின படிவங்கள் பத்திரமாக இருந்தன. பொய் சொல்லுறது, களவெடுக்கிறது, சண்டை பிடிக்கிறது, வகுப்பைக் குழப்பிறது. அந்தப் படிவங்களில் தெரிஞ்ச முன்னேற்றம்தான் பிற்கால வாழ்க்கையின் வித்தியாசத்தில் பெரிய பங்கை விளக்கினது, ஈவு இல்லை. ரீச்சர்மார் பேனையால் அடையாளம் போட்டு அலுமாரியில வைச்ச கடதாசி, ஐம்பது வருசம் கழிச்சு, உலகம் முழுக்கப் பேசப்பட்ட சோதனையைவிடக் கூட விசயம் சொன்னது.

இதை அளவுக்கு மிஞ்சிக் கொண்டாடவும் எனக்கு விருப்பம் இல்லை. 123 பிள்ளைகள், ஒரே ஒரு நகரம். அதோட, முன்பள்ளியின் இலாபத்தைக் கணக்குப் பார்க்கேக்க அதில பெரும்பங்கு குற்றம் குறைஞ்சதால மிச்சமான காசு. கறுப்பினப் பிள்ளைக்கு நாலு வயதில அன்பான ஒரு வகுப்பறை குடுக்கிறதுக்குக் காரணம், அவன் பிறகு மறியலுக்குப் போகமாட்டான் எண்டது மட்டும்தானா? அந்தக் கணக்கு எனக்கு உறுத்துது. சந்தோசமாக இருந்தானா எண்டு கேட்க அவர்களிட்ட ஒரு நிரல் வேணும்.

எங்கட தரம் ஒன்று

1990களின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை முதன்மை நிலைகளாகப் பிரிச்சு, ஒவ்வொன்றிலும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளை எழுதி வைச்சது. அதோட தரம் ஒன்றுக்கு வருகிற பிள்ளைகளை இனங்காணுற ஒரு செயற்பாடும் இருக்கு. முறையான படிப்புத் தொடங்க முதல் சில நாட்கள் விளையாட்டு, பாட்டு, படம் கீறுறது. ரீச்சர் சுத்தி நடந்து பார்ப்பார். பென்சில் பிடிக்குதோ, சொன்னதைக் கேட்டுச் செய்யுதோ, மற்றப் பிள்ளைகளோட சேருதோ, தன்ர தேவையைக் கேட்குதோ. ரோசாப் பூவும் மேள வரவேற்புமாகப் பத்திரிகையில படம் வருகிறது அதுக்குப் பிறகு நடக்கிற விழாதான். பினே இதைக் கண்டா இது தன்ர வேலை எண்டு அடையாளம் கண்டிருப்பார் எண்டு நினைக்கிறன். பெறுபேறு இல்லை, வெட்டுப்புள்ளி இல்லை, பதாகை இல்லை. அதனாலதானோ என்னவோ இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதும் இல்லை. இதுக்கு ரியூசன் வகுப்பும் இல்லை.

எங்கட சின்னம்மா ஒரு கிராமத்துப் பள்ளியில் தரம் ஒன்று படிப்பிக்கிறா. இந்தக் கட்டுரைக்காக வாசிக்கேக்க அவவிட்ட, இந்த இனங்காணல் படிவத்தை நிரப்பின பிறகு என்ன செய்வீங்கள் எண்டு கேட்டன். படிவம் அலுவலகத்துக்கு, ஆனா அதுக்கு முதல் தன்ர கொப்பியில எழுதி வைப்பாவாம். 34 பிள்ளைகள். கொப்பியைக் காட்டினா. ஒரு பக்கத்தில, "கூப்பிட்டாத் திரும்பிறான் இல்லை, காது பார்க்க வேணும்". இன்னொரு பக்கத்தில, "சாப்பாட்டு நேரம் பெட்டியைத் திறக்கிறாள் இல்லை". அதுக்குக் கீழ வேற மையில, இரண்டு கிழமை கழிச்சு எழுதினது: "வெறும் பெட்டி. தாயோட கதைச்சது. பள்ளிச் சாப்பாட்டு வரிசையில முதல் ஆளாக விடுறது."